ஒரு மலை, ஒரு திராட்சை: வட கிரேக்கத்தின் க்ஸினோமாவ்ரோவை அறிய ஒரு வழிகாட்டி

கிரேக்க ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் தீவுகளில் போய் நின்றுவிடுகிறார்கள். சாந்தோரினியின் வெள்ளை வீடுகளும் நீலக் கடலும் எல்லார் கண்ணிலும் முதலில் படுவதால் அது இயல்புதான். ஆனால் கிரேக்கத்தில் உள்ளூர்த் திராட்சை ரகங்களே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே மூச்சில் படிக்க முயன்றால் பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும், அவையும் ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் யோசனை வேறு. ஒரே ஒரு ரகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மலையைச் சுற்றி வாருங்கள். ரகத்தின் பெயர் க்ஸினோமாவ்ரோ. மலையின் பெயர் வெர்மியோ. கடற்கரையை விட்டு விலகி, வட கிரேக்கத்தின் மாசிடோனியா வட்டாரத்தின் உட்பகுதியில் இருக்கிறது அந்த மலை. அதன் கிழக்குச் சரிவில் நாவுஸா, வடமேற்கே மேட்டுநிலத்தில் அமிந்தியோ. இரண்டு ஊரிலும் ஒரே திராட்சைதான், ஆனால் ஒயின் அடியோடு வேறு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால், மண், உயரம், பருவம், மனித உழைப்பு எல்லாம் ஒரு ஒயினில் எப்படிச் சேர்கின்றன என்பது கையோடு புரிந்துவிடும். அப்புறம் மற்ற ரகங்களைப் படிப்பது எளிது.

முதல் படி: வரைபடத்தை விரித்துப் பாருங்கள்

தெஸலோனிகி நகரிலிருந்து மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் நாவுஸா வரும். வழியெல்லாம் சமவெளி. அந்தச் சமவெளியில் நீங்கள் பார்ப்பது திராட்சை அல்ல, பீச் பழ மரங்கள். இமாதியா மாவட்டம் கிரேக்கத்தின் பீச் களஞ்சியம். மார்ச் மாதம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இளஞ்சிவப்புப் பூதான். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். கொழுத்த சமவெளி மண் பழமரங்களுக்குப் போய்விட்டது. திராட்சை மேலே, சரிவில், மெலிந்த மண்ணில் நிற்கிறது. க்ஸினோமாவ்ரோவுக்கு அதுதான் நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வெர்மியோ 2,000 மீட்டரைத் தாண்டும் மலை. நாவுஸாவின் தோட்டங்கள் பெரும்பாலும் 150 முதல் 350 மீட்டர் உயரத்துக்குள், கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த சரிவுகளில் இருக்கின்றன. வடமேற்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றை மலை தடுத்துவிடும். மழை, பனி எல்லாம் குளிர்காலத்தில் தேவையான அளவு கிடைக்கும். மண் ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில் களிமண், பக்கத்திலேயே சுண்ணாம்புக் கல் கலந்த மண், இன்னும் கொஞ்சம் தள்ளி மணல் கலந்தது. த்ரிலோஃபோஸ், ஃபித்தியா, காஸ்த்ரா, ஸ்தெனிமாகோஸ், யன்னகோஹோரி, மரினா என்று சிற்றூர்களின் பெயர்களை இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். உள்ளூர்க்காரர்கள் ஒயினைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பேசுவார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் காட்சியே மாறுகிறது. அமிந்தியோ சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். வெகோரிதிதா, பெத்ரோன், ஹிமாதிதிதா, ஸாஸாரி என்று நான்கு ஏரிகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. குளிர்காலம் கடுமையானது. அமிந்தியோ சேர்ந்திருக்கும் ஃப்ளோரினா மாவட்டம் கிரேக்கத்திலேயே மிகக் குளிரான இடங்களில் ஒன்று. கோடையில் பகல் சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும். வெப்பம், குளிர் இரண்டின் உச்சத்தையும் ஏரிகள் கொஞ்சம் தணிக்கின்றன. மண் பெரும்பாலும் மணல். இந்த மணலைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அதற்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் அமெரிக்கக் கொடியின் வேர்ச்செடியில் உள்ளூர் ரகத்தை ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். நாவுஸாவும் தப்பவில்லை. பூச்சியும் போர்களும் சேர்ந்து தோட்டங்களைக் குலைத்துவிட, 1960-களுக்குப் பிறகுதான் அவை திரும்பத் தழைத்தன. ஆனால் அந்தப் பூச்சிக்கு மணலில் நகர முடியாது. அதனால் அமிந்தியோவில் ஒட்டுக்கட்டாத, சொந்த வேரிலேயே நிற்கும் கிழட்டுக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ஆல்ஃபா எஸ்டேட் என்ற தயாரிப்பகம் 'பார்பா யன்னிஸ்' என்ற பெயரில் வெளியிடும் ஒயின் 1919-இல் நட்ட கொடிகளிலிருந்து வருகிறது. நூறு வயதைத் தாண்டிய கொடி. முண்டும் முடிச்சுமாக, தொடை கனத்த அடித்தண்டு, அதிலிருந்து நாலைந்து குலைகள் மட்டும். வாய்ப்புக் கிடைத்தால் அப்படி ஒரு தோட்டத்தில் நின்று அந்தத் தண்டைத் தொட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: ரகத்தை அடையாளம் காணுங்கள்

க்ஸினோமாவ்ரோவை மூன்று குணங்களை வைத்து அடையாளம் காணலாம்: தூக்கலான புளிப்பு, அழுத்தமான துவர்ப்பு, வெளிறிய நிறம். முதல் இரண்டும் சேர்ந்து வருவதால் புதியவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பார்கள். பயப்பட வேண்டாம். அந்தப் புளிப்பும் துவர்ப்பும்தான் இந்த ஒயினை இருபது ஆண்டுகள் கூடத் தாங்க வைக்கின்றன.

நிறம் பலரை ஏமாற்றும். சிவப்பு ஒயின் என்றால் கருத்து, திக்காக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைப் பார்த்துத் தண்ணீர் கலந்ததோ என்று சந்தேகப்படுவார்கள். இந்தத் திராட்சைத் தோலில் நிலைத்து நிற்கும் நிறம் குறைவு, அவ்வளவுதான். சில ஆண்டுகளிலேயே ஓரத்தில் செங்கல் நிறம் தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடிக் கோப்பையை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பாருங்கள், வயது அங்கே தெரியும். வாசனையில் தக்காளி வரும். பச்சைத் தக்காளி இல்லை, வெயிலில் உலர்த்திய தக்காளி. கூடவே ஆலிவ், உலர்ந்த பிளம், மூலிகை, வயதானால் பதனிட்ட தோலும் புகையிலையும். இத்தாலியில் பரோலோ என்ற சிவப்பு ஒயினைத் தரும் நெபியோலோ ரகத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். நெபியோலோ குடித்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

இதோடு சேர்ந்து வரும் மற்ற ரகங்களையும் மேலோட்டமாகத் தெரிந்துகொள்ளலாம். கிழக்கே பைக்கோ மலைச் சரிவில் இருக்கும் குமெனிஸாவில் க்ஸினோமாவ்ரோவோடு நெகோஸ்கா என்ற ரகத்தைக் குறைந்தது 20 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது விதி. நெகோஸ்காவுக்கு நிறம் அதிகம், புளிப்புக் குறைவு. முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் மழுக்குகிறது. தெற்கே ஒலிம்போஸ் மலையடிவாரத்து ராப்ஸானியில் க்ராஸாத்தோ, ஸ்தாவ்ரோத்தோ என்ற இரண்டு ரகங்கள் துணைக்கு வரும். சியாத்திஸ்தா என்ற ஊரில் பழத்தை வெயிலில் உலர்த்தி இனிப்பு ஒயின் செய்யும் பழைய வழக்கம் உண்டு. வெள்ளை ரகங்களில் நாவுஸாவுக்கே உரிய ப்ரெக்னாதி என்று ஒன்று இருக்கிறது. குறைவாகத்தான் பயிரிடுகிறார்கள். யாராவது ஊற்றிக் கொடுத்தால் மறுக்காதீர்கள்.

இடையில் ஒரு செய்தி. வெர்மியோவுக்குத் தெற்கே தெஸாலி சமவெளியில் தீர்னவோஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெருவாரியாகப் பயிராவது மஸ்கட் ஹாம்பர்க். நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையும் அதே ரகம்தான். கம்பத்தில் அதை மேசைப் பழமாகச் சாப்பிடுகிறோம். தீர்னவோஸில் அதைக் காய்ச்சி சிப்புரோ என்ற சாராயம் எடுக்கிறார்கள்.

மூன்றாம் படி: தோட்டத்தின் ஓராண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

கம்பத்தில் பந்தல் திராட்சையைப் பார்த்தவர்கள் முதலில் ஒன்றை மறக்க வேண்டும். அங்கே கவாத்து வெட்டும் நாளை மாற்றி ஆண்டு முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்படி செய்துவிட முடிகிறது. வெர்மியோவில் அது நடக்காது. குளிர் வந்ததும் கொடி இலையெல்லாம் உதிர்த்துத் தூங்கிவிடும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. ஒரு ஆலங்கட்டி மழை அடித்தால் அந்த ஆண்டு போனது போனதுதான். பந்தலும் கிடையாது. வரிசையாகக் கம்பி கட்டி, கொடியை அதில் படுக்க வைத்து வளர்க்கிறார்கள்.

குளிர்கால முடிவில் கவாத்து. பிப்ரவரி 1-ஆம் தேதி திராட்சை விவசாயிகளின் காவலரான புனித த்ரிஃபோனின் திருநாள். குமெனிஸாவில் அதைப் பித்தளை வாத்தியங்களோடு ஊரே கூடிக் கொண்டாடும். கவாத்துதான் அந்த ஆண்டின் விளைச்சலை முதலில் தீர்மானிக்கிறது. எத்தனை கண், அதாவது துளிர் மொட்டு, விடுகிறோமோ அத்தனை தளிர், அத்தனை குலை. க்ஸினோமாவ்ரோ இயல்பிலேயே வேகமாகத் தழைக்கும் கொடி. கண்ணை அதிகமாக விட்டால், அல்லது மண் கொழுப்பாக இருந்தால், கணக்கில்லாமல் காய்த்துத் தள்ளும். காய் அதிகமானால் சாறு நீர்த்துப்போகும், நிறம் ஏறாது, புளிப்பு மட்டும் நிற்கும். பீச் மரங்களுக்குச் சமவெளியைக் கொடுத்துவிட்டு திராட்சை மேட்டுக்குப் போனது நல்லது என்று சொன்னது இதனால்தான்.

ஏப்ரலில் துளிர் விடும். அமிந்தியோவில் இந்த நேரம் வயிற்றைப் பிசையும் நேரம். வசந்தகாலத்துப் பின்பனி ஒரே இரவில் துளிரைக் கருக்கிவிடும். மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் பூ. சிறியது, பச்சையாக இருக்கும், அருகே போனால்தான் வாசனை தெரியும். அப்போதிருந்து சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் எதிராகக் கந்தகமும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும் அடிப்பார்கள். இந்த ரகம் நோய்க்குச் சீக்கிரம் ஆளாகும். குலை நெருக்கமாக இருப்பதால் நடுவில் ஈரம் தங்கினால் அழுகல் பிடித்துவிடும். ஆகவே குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றுப் போக வழி செய்கிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலை வெயில் படும் பக்கத்தில்தான் கிள்ளுவார்கள். பிற்பகல் வெயில் படும் பக்கத்தில் இலையை விட்டுவைத்தால்தான் பழம் வெந்து போகாது.

ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் தோட்டத்துக்குள் போனால் நல்ல குலைகள் தரையில் கிடப்பதைப் பார்ப்பீர்கள். யாரோ நாசம் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். விவசாயியே வெட்டிப் போட்டது. ஒரு கொடியில் இருப்பதைக் குறைத்தால் மிச்சம் இருப்பது நன்றாகப் பழுக்கும். குலையின் தோள் பக்கம் பிதுங்கி நிற்கும் கிளைக்குலையைக் கூட வெட்டிவிடுவார்கள். விளைந்ததைத் தன் கையால் வெட்டித் தரையில் போட ஒரு விவசாயிக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல நாவுஸாவின் விலையில் அந்தக் குலைகளும் அடக்கம்.

ஆகஸ்ட்டில் காய் பச்சையிலிருந்து கருநீலத்துக்கு மாறும். பிறகு காத்திருக்க வேண்டும். க்ஸினோமாவ்ரோ தாமதமாகப் பழுக்கும் ரகம். கிரேக்கத்தின் பல ஊர்களில் அறுவடை முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகுதான் இங்கே ஆரம்பிக்கும். செப்டம்பர் பிற்பாதியிலிருந்து அக்டோபர் நடு வரை போகும். பதற்றம் இங்கேதான். சர்க்கரை ஏறிவிட்டாலும் விதை பழுத்திருக்காது. இன்னும் ஒரு வாரம் விடலாம் என்றால் மழை வந்து அழுகல் பிடிக்கலாம்.

எப்போது பறிப்பது என்று முடிவு செய்ய ஆய்வகச் சோதனை உண்டு. ஆனால் அனுபவசாலிகள் வாயையும் நம்புகிறார்கள். தோட்டத்தில் அனுமதி கேட்டு நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பழத்தை வாயில் போட்டுச் சாற்றை விழுங்கிவிடுங்கள். தோலைத் தனியாக மென்று பாருங்கள், நாக்கு எவ்வளவு வறண்டு போகிறது என்று தெரியும். கடைசியாக விதையை உள்ளங்கையில் துப்பிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் கடிக்காமலே சொல்லலாம், கசக்கும். பழுப்பாக மாறி, கடித்தால் நொறுங்கி, வறுத்த கொட்டையின் சுவை வந்தால் பழம் தயார். அந்த விதையின் துவர்ப்புத்தான் பின்னால் கோப்பையில் உங்களைச் சந்திக்கப் போகிறது.

அமிந்தியோவில் கணக்கு கொஞ்சம் வேறு. உயரமும் குளிர்ந்த இரவும் புளிப்பை இறங்க விடாமல் பிடித்து வைக்கின்றன. சிவப்பு ஒயினுக்குப் போதுமான அளவு பழுக்காத ஆண்டில்கூட ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்கும் நுரைக்கும் ஒயினுக்கும் அந்தப் பழம் கச்சிதமாகப் பொருந்தும். அதற்கானதை முன்னதாகவே பறித்துவிடுவார்கள்.

அறுவடைக்குப் பிறகு பிழிந்த சக்கை வீணாவதில்லை. இலையுதிர் காலத்தில் ஊர் ஊராகக் கசானி என்ற செப்புக் காய்ச்சு கலன்கள் எரியும். சக்கையிலிருந்து சிப்புரோ இறங்கும். சுற்றி உட்கார்ந்து இறைச்சி சுட்டுச் சாப்பிட்டபடி விடிய விடியப் பேச்சு நடக்கும். உங்களை யாராவது அங்கே அழைத்தால், மறுநாள் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் போங்கள்.

நான்காம் படி: லேபிளைப் படிக்கப் பழகுங்கள்

கிரேக்க எழுத்து தெரியாவிட்டாலும் பாதி வேலை முடியும். வாசற்கால் போல இரண்டு கால், மேலே ஒரு குறுக்குச்சட்டம் உள்ள எழுத்து, அடுத்து வட்டம், மறுபடி வாசற்கால். இந்த மூன்று எழுத்தும் வரிசையாக இருந்தால் அது பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயருள்ள ஒயின். கிரேக்கர்கள் அதைப் 'பொப்' என்று படிப்பார்கள். நாவுஸாவுக்கு இந்தத் தகுதி 1971-இல் கிடைத்தது, ராப்ஸானிக்கும் அதே ஆண்டு. அமிந்தியோவுக்கு 1972, குமெனிஸாவுக்கு 1979.

தகுதியோடு விதியும் வரும். 'நாவுஸா' என்று லேபிளில் போட வேண்டுமானால் நூறு சதவீதம் க்ஸினோமாவ்ரோவாக இருக்க வேண்டும், சிவப்பாக இருக்க வேண்டும். இனிப்பில்லாத வகை குறைந்தது ஓராண்டு ஓக் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். அதே ஊரில், அதே தோட்டத்தில் ஒருவர் ரோஸே செய்தாலோ, வேறு ரகத்தைக் கலந்தாலோ அந்தப் பெயரைப் போட முடியாது. இமாதியா அல்லது மாசிடோனியா என்ற பரந்த புவியியல் பெயரில்தான் விற்க முடியும். ஆகவே லேபிளில் 'நாவுஸா' இல்லை என்பதால் ஒயின் மட்டம் என்று முடிவு கட்ட வேண்டாம். அமிந்தியோவின் விதி தாராளமானது. சிவப்பு, ரோஸே, நுரைக்கும் ரோஸே எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் செல்லும். நுரைக்காத ரோஸேவுக்கு இந்தத் தகுதி வேறெந்தக் கிரேக்க ஊருக்கும் இல்லை.

'ரிசர்வ்' என்று இருந்தால் சிவப்பு ஒயின் குறைந்தது மூன்று ஆண்டும், 'கிராண்ட் ரிசர்வ்' என்றால் நான்கு ஆண்டும் பீப்பாயிலும் புட்டியிலுமாக இருந்துவிட்டு வந்தது என்று பொருள்.

தயாரிப்பாளர்களைப் பற்றி இரண்டு வரி. 1879-இல் நாவுஸாவில் தொடங்கிய பூத்தாரி குடும்ப நிறுவனம்தான் இந்த ஊரின் பெயரை வெளியே கொண்டு சென்றது. அந்தக் குடும்பத்தின் யன்னிஸ் பூத்தாரிஸ் பிரிந்து வந்து 1997-இல் கீர்-யன்னி நிறுவனத்தை ஆரம்பித்தார். மலையின் இரண்டு பக்கமும் அதற்குத் தோட்டம் இருப்பதால் ஒரே கை செய்த இரண்டு ஊர் ஒயினை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வசதி. 2011 முதல் 2019 வரை தெஸலோனிகி மேயராக இருந்தவரும் அவரே. த்ரிலோஃபோஸ் ஊரின் திமியோபுலோஸ் போன்ற அடுத்த தலைமுறையினர், பழத்தின் புத்துணர்ச்சி மேலோங்கிய, இளமையிலேயே குடிக்கத் தோதான க்ஸினோமாவ்ரோவையும் செய்து காட்டியிருக்கிறார்கள். புதியவர்கள் அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. கடுமையான, பழைய பாணி நாவுஸாவை முதலில் வாங்கி, அது பிடிக்காமல் போய், இந்த ரகத்தையே ஒதுக்கிவிடுவது பெரிய இழப்பு.

ஐந்தாம் படி: நேரில் போவது

நாவுஸாவுக்கு தெஸலோனிகியின் மாசிடோனியா பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து கிடைக்கும். ஆனால் தயாரிப்பகங்கள் ஊருக்கு வெளியே சிதறிக் கிடக்கின்றன. கார் இல்லாமல் கஷ்டம். வாடகைக்கு எடுத்தால், ஓட்டுபவர் யார் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கிரேக்கத்தில் சாதாரண ஓட்டுநருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் அளவு லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2. மலைப்பாதை வேறு.

சிறிய தயாரிப்பகங்கள் குடும்பங்கள் நடத்துபவை. முன்கூட்டியே தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சொல்லிவிட்டுப் போங்கள். அறுவடை நேரத்தில் போனால் பார்க்க நிறைய இருக்கும், ஆனால் உங்களோடு பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. பிற்பகல் தூக்க நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். மே, ஜூன் இரண்டும் பேசுவதற்கு ஏற்ற மாதங்கள்.

நாவுஸாவில் ஒரு நாள் வைத்துக்கொண்டு, மறுநாள் எடெஸா வழியாக மலையைச் சுற்றி அமிந்தியோவுக்குப் போங்கள். எடெஸாவில் ஊர் நடுவிலேயே அருவி கொட்டும். அங்கிருந்து மேலே ஏற ஏற வெகோரிதிதா ஏரி விரியும். அந்த ஏற்றத்தில் காரின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். காற்று மாறுவது உங்களுக்கே தெரியும். நாவுஸாவுக்கும் அமிந்தியோவுக்கும் உள்ள வேறுபாட்டை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது. அமிந்தியோவைச் சுற்றி லிக்னைட் சுரங்கங்களின் தழும்புகளையும் பார்ப்பீர்கள். இந்தப் பகுதி பல பத்தாண்டுகள் நிலக்கரி மின்சாரத்தை நம்பி வாழ்ந்தது. அது முடிந்துவரும் காலத்தில் திராட்சைத் தோட்டங்கள் இங்கே இன்னும் முக்கியமாகின்றன. நேரம் இருந்தால் நிம்ஃபேயோ மலைக்கிராமத்துக்கும் ஏறிப் பாருங்கள். பூத்தாரிஸ் தொடங்கிய ஆர்க்தூரோஸ் அமைப்பின் கரடிச் சரணாலயம் அங்கே இருக்கிறது.

ஆறாம் படி: வரிசையாகச் சுவைத்துப் பாருங்கள்

வரிசை தவறினால் நாக்கு மரத்துவிடும். முதலில் அமிந்தியோவின் நுரைக்கும் ரோஸே, அப்புறம் சாதாரண ரோஸே. அடுத்து அமிந்தியோ சிவப்பு, இளம் நாவுஸா, கடைசியாக வயதான நாவுஸா. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: புளிப்பு எங்கே நிற்கிறது, துவர்ப்பு எங்கே நிற்கிறது? அமிந்தியோவில் வாசனை மென்மையாக, பழம் துல்லியமாக, துவர்ப்பு நயமாக இருக்கும். நாவுஸாவில் ஒயின் வாயில் கனக்கும், துவர்ப்பு ஈறில் பிடிக்கும், தக்காளியும் ஆலிவும் பளிச்சென்று வரும். சுவைத்ததைத் துப்ப ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

வெறும் வயிற்றில் இந்த ஒயினைச் சோதிக்காதீர்கள். துவர்ப்பு உணவைக் கேட்கும். தக்காளியில் வேகவைத்த ஆட்டிறைச்சி, கத்தரிக்காய், காளான், முற்றிய பாலாடைக்கட்டி, சுட்டு உரித்த ஃப்ளோரினா சிவப்பு மிளகாய் எல்லாம் பொருந்தும். அந்த மிளகாய் இனிக்கும், காரம் இருக்காது. நிஜமான காரச் சாப்பாட்டோடு துவர்ப்பான சிவப்பைக் குடித்தால் வாய் எரியும். அப்போது அமிந்தியோ ரோஸேவைக் குளிர வைத்துக் கொடுங்கள்.

ஏழாம் படி: வாங்குவதும் வைப்பதும்

ஒரே தயாரிப்பாளரின் ஒரே ஒயினில் இரண்டு புட்டி வாங்குங்கள். ஒன்றை இப்போது திறந்து, மற்றதை ஐந்தாறு ஆண்டு கழித்துத் திறந்தால் இந்த ரகம் எப்படி வளர்கிறது என்பது தெரியும். கார்க் அடைத்த புட்டியைப் படுக்க வைத்து, வெளிச்சம் படாத, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். சென்னை போன்ற ஊரின் அறை வெப்பத்தில் ஒரு கோடையைக்கூட அது தாங்காது. பரிமாறும்போது இளம் ஒயினுக்கு 14 முதல் 16 டிகிரி செல்சியஸ், வயதானதற்கு 16 முதல் 18 டிகிரி. இளம் நாவுஸாவை ஒரு மணி நேரம் முன்பே வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றாட விடுங்கள். வயதானதை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, அடியில் வண்டல் தங்கிய பிறகு மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள்.

விமானத்தில் கொண்டுவருவதானால் கையில் எடுத்துச் செல்லும் பையில் போட முடியாது. துணியில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். இந்தியாவுக்குள் சுங்க வரி இல்லாமல் ஒருவர் இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி புட்டியில் இரண்டு. நாவுஸாவில் ஒன்று, அமிந்தியோவில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.